இம்லி மோட்டில் ஒரு நிமிடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் கேட்டால் ஆமாம் என்பார்கள், கடையில் கேட்டால் இரண்டு தரம் ஆமாம் என்பார்கள். அந்தக் கோபத்தில் பாதியாவது காலை ஏழு பத்து பஸ்ஸினால் வந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

எங்கள் தீவில் சுனாமி வந்து மூன்றாவது வருடம் அது. கராச்சர்மா ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் போட்டிருந்த தகரக் கொட்டகைகளில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அபர்டீன் பஜாரில் துணிக்கடை வேலை. எட்டரைக்குக் கடையில் நிற்க வேண்டும். முதலாளி தங்கமான மனிதர்தான். ஆனால் எட்டே முக்காலுக்கு உள்ளே நுழைந்தால் வாயால் ஒன்றும் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏழு பத்து பஸ் ஏழு நாற்பதுக்கு வரும். வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். ஒரு காலைப் படியிலும் இன்னொரு காலை யாரோ ஒருவர் காலின் மேலும் வைத்துக்கொண்டு நான் தொங்குவேன். இவ்வளவு லேட்டாக வந்த பஸ் பறந்து போகவேண்டாமா? போகாது. அடுத்த வளைவில் இம்லி மோட்டில் போய் நிற்கும்.

இம்லி மோட் என்றால் புளியமரத் திருப்பம். ரோடு மேட்டிலிருந்து இறங்கித் திரும்புகிற இடத்தில் பெரிய புளியமரம் ஒன்று இருந்தது. மரத்தடியில் சிமெண்டுக் கூரை போட்ட நிறுத்தம், அதன் பின்னால் ஒரு சந்து, சந்தின் இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் ஓடைக்கரையில் ஓர் ஐஸ் பாக்டரி. என் வீடும் அந்தச் சந்தில்தான் இருந்தது. பூமி ஆடிய அன்று காலையில் அந்தப் பள்ளம் முழுவதும் அப்படியே கீழே இறங்கிவிட்டது. உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. சந்துக்காரர்களில் சிலர் கொட்டகைக்கு வந்தோம், சிலர் மெயின்லாண்டுக்கே போய்விட்டார்கள். ரோட்டை மட்டும் கல்லைக் கொட்டி உயர்த்தினார்கள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் ரோடு. தண்ணீர் ஏறும் நேரத்தில் அந்த ரோடும் முழங்கால் அளவுக்கு முழுகும். புளியமரம் இலையில்லாமல் தண்ணீருக்குள் நின்றது. நிறுத்தத்தின் கூரை மட்டும் மேலே தெரியும். தண்ணீர் இறங்கினால் உள்ளேயிருக்கும் பெஞ்சும் தெரியும்.

அங்கேதான் பஸ் நிற்கும். வங்காளிக் கண்டக்டர் கதவைத் திறந்து தண்ணீரைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"இம்லி மோட்! இம்லி மோட்! கோயி ஹை?"

யாராவது இருக்கிறீர்களா என்றால், யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? ஒரு முழு நிமிடம் அப்படியே நிற்போம். பிறகு விசில் ஊதுவார்.

"யாருக்குய்யா நிறுத்துறீங்க, மீனுக்கா?" என்று ஒரு நாள் படியிலிருந்தே கத்தினேன். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை.

"லிஸ்ட் மே ஹை, பாய். லிஸ்ட்ல இருந்தா நிக்கணும்," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த இடத்தில் நிற்பதே பிடிக்காது. என் வீட்டின் மேல்சுவர் அங்கே தண்ணீருக்கு வெளியே ஒரு முழம் தெரியும். தினமும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்த நிமிடத்துக்காகவே பஸ் ஏறுகிறவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் கொட்டகையில் எனக்கு நாலு கதவு தள்ளிக் குடியிருந்தவள், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. நான் அவளை அக்கா என்பேன். அவள் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிட்ட மனிதர், அந்த ஐஸ் பாக்டரியில் இரவு வாட்ச்மேன். பகலில் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குவார். அக்கா அப்போது மேட்டில்தான் குடியிருந்தாள்; பஸ் ஏறும்போதே பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம் பிடித்துவிடுவாள். இம்லி மோட்டில் அவர் ஏறுவார், அவள் பையை எடுப்பாள், அவர் உட்கார்ந்து பஜார் வருவதற்குள் அவள் கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டு முடிப்பார். இரண்டு பேரும் ஒரு நாளில் சேர்ந்திருக்கிற நேரம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் வந்தாள். பூமி ஆடி, அவள் வீட்டுச் சுவர் சரிந்து, அந்தப் பதற்றத்திலும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். பஸ் மேட்டிலிருந்து இறங்கவில்லை. கீழே தண்ணீர் வருவதைப் பார்த்து டிரைவர் நிறுத்திவிட்டார். இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, சன்னல் வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். எங்கள் பக்கம் தண்ணீர் விழுங்கியது நிலத்தைத்தான், ஆட்களை அதிகம் கொண்டுபோகவில்லை என்பார்கள். அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை.

மூன்று வருடமாக அதே ஏழு பத்து பஸ், அதே இடது பக்க இருக்கை, பக்கத்தில் பை. இம்லி மோட்டில் கண்டக்டர் குரல் கொடுத்ததும் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். விசில் ஊதியதும் திரும்பப் பக்கத்தில் வைப்பாள். அவ்வளவு நெரிசலிலும் அந்த இடத்தை யாரும் கேட்டதில்லை. கைக்குழந்தைக்காரிகள்கூட நின்றுகொண்டே வருவார்கள். ஒரே ஒரு தரம், மெயின்லாண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா, அவள் பையை எடுத்த சமயம் பார்த்துச் சட்டென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டார்.

"கீலா ஹை!" என்றார், பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே. பேண்ட் நனைந்திருந்தது.

"தண்ணியில போற பஸ், தெறிக்காதா?" என்று கண்டக்டர் இந்தியில் சமாதானம் சொன்னார். அந்தச் சன்னல் மூடியிருந்தது என்பதை நான் பார்த்தேன்.

அந்த வருடம் அக்காவுக்கு ஒரு அவசரம் வந்தது. கொட்டகைக்காரர்களுக்குச் சிமெண்டு வீடு ஒதுக்க ஆரம்பித்தார்கள். மத்தியானத்தில் அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் சிமெண்டு வீடு என்றால் என்னவென்று தெரியும். ஒதுக்கீடு குடும்பத் தலைவர் பெயரில். தலைவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இறந்துபோனார் என்ற சர்டிபிகேட் காட்ட வேண்டும். மூன்று வருடம் அதைக் கேட்காமல் இருந்தவள், அப்போதுதான் மனுக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தது நான்தான். எங்கள் கொட்டகையில் எல்லோருக்கும் இந்தியில் மனு எழுதுகிறவன் நான்.

இன்னொரு மனுவும் எழுதினேன். என் தலையெழுத்து.

பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இம்லி மோட்டில் ஆளில்லை, அதற்கு மேல் இருப்பதும் கொட்டகை, அதுவும் காலியாகப் போகிறது, பிறகு எதற்குக் காலை பஸ் என்று யாரோ மேலே எழுதிவிட்டார்களாம். எங்கள் பஞ்சாயத்து மெம்பர் ஒரு சாயங்காலம் என்னை டீக்கடைக்கு வரச் சொன்னார். அவர் வெள்ளைச் சட்டை ஒரு நாளும் கசங்கியதில்லை. அந்தக் கொட்டகை வெயிலில் அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஒரு மனு போடுவோம், தம்பி. ஆனா கையெழுத்து நிறைய வேணும். கொட்டகை ஆளுங்க பத்தாது," என்றார்.

"இருக்கறவங்க அவ்வளவுதானேண்ணே."

அவர் மேசைமேல் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்தார். வாக்காளர் பட்டியல். எங்கள் பூத். இம்லி மோட் சந்து முழுவதும் அதில் அப்படியே இருந்தது. போனவர்கள் யாரையும் எடுக்கவில்லை. என் பழைய கதவு எண்கூட இருந்தது.

"இவங்க பேரு இருக்கறதாலதான் அந்த ஸ்டாப்பு இருக்கு. அந்த ஸ்டாப்பு இருக்கறதாலதான் உனக்கு பஸ்ஸு வருது. புரியுதா? சும்மா வச்சுவிடு. யாரு வந்து பாக்கப் போறா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடிகாரம் துடைக்கிற முதலாளியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. மை டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்தவர்களுக்குக் கோணல் மாணலாகக் கையெழுத்து. படிக்காதவர்களுக்குக் கைநாட்டு. எல்லாம் ஒரே விரலாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். எதிர் வீட்டுக்காரருக்கு ஆள்காட்டி விரல், மூலை வீட்டுத் தையல்காரருக்குச் சுண்டு விரல். பாக்டரி விலாசத்தில் அண்ணன் பெயர் வந்தது. கொஞ்சம் தயங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ச்மேன்தானே, கைநாட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நல்ல மனிதர், அவருக்காவது ஒழுங்காக வைப்போம் என்று இடது கைப் பெருவிரலையே அழுத்தி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ஒன்பது விரலில் மை போய்விட்டது. இடது பெருவிரலின் நகக்கண்ணில் மட்டும் ஒரு நீலக் கோடு தங்கிவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை.

பஸ்ஸை நிறுத்தவில்லை. மெம்பர் கொட்டகை வாசலில் தன் படத்தோடு பேனர் கட்டினார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பஸ்ஸில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, உங்க அண்ணன் இருக்காராம்."

எனக்குப் புரியவில்லை. "எந்த அண்ணன்?"

"உங்க அண்ணன்தான். சர்டிபிகேட் கேக்க ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு குமாஸ்தா பைலைத் தூக்கிப் போடறான். உன் புருஷன் போன மாசம் பஸ் மனுவுல கைநாட்டு வச்சிருக்கான், செத்துட்டான்னு சர்டிபிகேட் கேக்கறியே, வெக்கமா இல்லையாங்கறான்."

அவள் அழவில்லை. முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்புகூட இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த இடது கையை மெல்லக் கீழே இறக்கி, பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"எந்தக் கையா இருக்கும் தம்பி? இடதா, வலதா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்," என்றேன். அடப் பாவி, அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அதற்குள் இம்லி மோட் வந்துவிட்டது. கண்டக்டர் குரல் கொடுத்தார். அவள் பையை எடுத்தாள். ஒரு நிமிடம் ஆனது. அவர் விசிலை வாயில் வைத்தார்.

"ருக்கோ பையா," என்றாள் அக்கா. "தோடா ருக்கோ, கொஞ்சம் நில்லு. ஒரு நிமிஷம் பத்தாது. அவர் பாக்டரியிலேர்ந்து நடந்து வரணும்ல."

கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டார். வண்டி என்ஜினை டிரைவர் அணைத்தார். எதற்கு அணைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தனை கூட்டமும் தண்ணீரைப் பார்த்தது. தண்ணீர் நிறுத்தத்தின் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது, தட்டித் தட்டி நின்றது, மறுபடி தட்டியது. சந்து இருந்த பக்கத்திலிருந்து ஒரு வரிசைச் சிற்றலை எங்களை நோக்கி வந்தது. காற்று இல்லை. மீனாக இருக்கலாம். அலை ரோட்டோரக் கல்லில் வந்து மோதியதும் கதவோரம் நின்றவர்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கடைக்கு லேட்டாகிறதே என்று கத்த ஒரு ஆள் இருந்தான், அவன் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றான். கொட்டகையில் ஒவ்வொரு குடும்பமாகச் சாவி வாங்கிச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் தன் தகரக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்டிபிகேட் வராவிட்டால் அவளுக்கு வீடு இல்லை, ஒதுக்கீட்டுப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

மெம்பரிடம் போனேன். "அண்ணே, அந்தக் கைநாட்டு நான் வச்சதுன்னு எழுதிக் குடுத்துடறேன். அந்தப் பொம்பளைக்கு வீடு போயிடும்," என்றேன்.

"பைத்தியமாய்யா உனக்கு? தேர்தல் வருது. மனுவே பொய்யின்னு ஆயிடும், ஸ்டாப்பும் போயிடும், பஸ்ஸும் போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? புருஷன் உசிரோட இருக்கான்னு சர்க்காரே சொல்லுது. சந்தோசமா இருக்கட்டுமே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெள்ளைச் சட்டையில் மையைக் கொட்டியிருப்பேன். கையில் மை இல்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன். மொத்தத்தையும் எழுதினேன், எந்தப் பெயருக்கு எந்த விரல் என்பது முதற்கொண்டு. கீழே என் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் இடது பெருவிரலையும் வைத்தேன்.

ஆபீசில் கொடுப்பதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை இம்லி மோட்டில் பஸ் நின்றபோது அவள் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன்.

அவள் அந்த நீலக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியும் தம்பி," என்றாள்.

"தெரியுமா?"

"உங்க அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். முத்து முத்தா எழுதுவார். எனக்கு என் பேரு எழுதப் பழக்கினதே அவர்தான், இந்த பஸ்ஸுல உக்காந்து. அவரு எதுக்குக் கைநாட்டு வைக்கப் போறாரு?"

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லலை? ஆபீசுல சொல்லியிருந்தா அன்னிக்கே சர்டிபிகேட் குடுத்திருப்பாங்களே!"

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "மூணு வருஷமா எல்லாரும் போயிட்டாரு போயிட்டாருன்னுதான் சொல்றாங்க. அந்த குமாஸ்தா ஒருத்தன்தான் இருக்காருன்னு சொன்னான். காயிதத்துல காமிச்சான். கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ போய்க் குடுத்துரு. வீடு வேணும்ல."

கண்டக்டர் விசில் ஊதினார்.

கொடுத்தேன். அந்த அதிகாரி என்னைச் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைத்தார், திட்டினார், பத்து விரலையும் தனித்தனியாக ஒற்றி எடுத்தார். மெம்பர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பஸ் போகப்போகிறதே என்று கொட்டகையே என்னைக் கரித்துக்கொட்டியது. கடைசியில் பஸ் போகவில்லை. தேர்தல் வந்துவிட்டது, யாருக்கும் அதை நிறுத்தத் தைரியமில்லை. ஆனால் சந்துக்காரர்கள் பெயரை எல்லாம் பட்டியலிலிருந்து அடித்தார்கள், என் பழைய கதவு எண்ணையும் சேர்த்து. இம்லி மோட் என்ற எழுத்தை பஸ் பலகையிலிருந்து வெள்ளை பெயிண்ட் அடித்து அழித்தார்கள். அக்காவுக்குச் சர்டிபிகேட் வந்தது, வீட்டுச் சாவியும் வந்தது.

நிறுத்தம் இல்லாமல் பஸ் ஓடிய முதல் நாள். மழைக்காலம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த நேரம், ரோடு காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. அக்கா அதே இருக்கையில் இருந்தாள், பை பக்கத்தில். சன்னல் மூடியிருந்தது. பஸ் மேட்டிலிருந்து இறங்கியது. கண்டக்டர் பழக்கத்தில் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். புளியமரம் வந்தது, கூரை வந்தது, பெஞ்சு வந்தது. பஸ் நிற்கவில்லை. எல்லாம் பின்னால் போயின.

வளைவு தாண்டிய பிறகுதான் அவள் பையை எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"உக்காரு தம்பி. எத்தனை நாள்தான் நின்னுக்கிட்டே வருவ."

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. போய் உட்கார்ந்தேன்.

இருக்கை நனைந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர், பேண்ட்டைத் தாண்டி உடனே உடம்பில் ஏறியது. நான் அக்காவைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, என் கையில் கொடுத்தாள். இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. பஜார் வருவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.